கதை கேட்காத உதவி: ஒரு கையேடும் ஐந்து அமர்வுகளும்

நாடு விட்டு வந்து நகரத்தில் ஒண்டிக் குடியிருக்கும் குடும்பங்களோடு வேலை செய்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: “மனசுக்கு ஏதாவது செய்யணும். டாக்டரும் இல்ல, பணமும் இல்ல. எதுல ஆரம்பிக்கலாம்?” நான் கைகாட்டுவது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘டூயிங் வாட் மேட்டர்ஸ் இன் டைம்ஸ் ஆஃப் ஸ்ட்ரெஸ்’ என்ற, மன அழுத்தத்தைச் சமாளிக்கக் கற்றுத்தரும் படக் கையேட்டையும், அதே பாடங்களைக் குழுவாக உட்கார்ந்து கற்கும் ‘செல்ஃப் ஹெல்ப் பிளஸ்’ பயிற்சியையும்தான். இரண்டும் இலவசம். இரண்டையும் குழுக்களில் நடத்திப் பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

நான் உளவியல் படித்தவள் இல்லை. அகதிக் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள். பிறகு ஒரு சமூக மையத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு பெண்கள் குழுக்களை நடத்த ஆரம்பித்தேன். இந்தப் பயிற்சியின் மிகப் பெரிய நல்ல குணம் எது என்று கேட்டால், அந்தப் பழைய வேலையிலிருந்துதான் எனக்குப் பதில் வருகிறது. இது யாரிடமும் கதை கேட்பதில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று விளங்காது. அடைக்கலம் கேட்டு வந்த ஒருவர் தன் கதையைப் பதிவு அலுவலகத்தில் சொல்கிறார், வழக்கறிஞரிடம் சொல்கிறார், நேர்காணலில் மணிக்கணக்கில் சொல்கிறார். எந்த மாதம், எந்தப் பாதை, கூட யார், கதவை உடைத்தவர்கள் என்ன உடை போட்டிருந்தார்கள், போன முறை மூன்று பேர் என்றீர்களே, இப்போது ஏன் நான்கு? பிறகு பள்ளியில், மருத்துவமனையில், உதவிப் பொருள் கொடுக்கும் இடத்தில் என்று ஒவ்வொரு வாசலிலும் அதே கதைக்கு ஒரு சுருக்கம் தேவைப்படுகிறது. மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி உண்டு. கதை சொல்கிறவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘என் கண் முன்னாலதான் அவரை இழுத்துட்டுப் போனாங்க’ என்று அந்நிய மொழியில் நான் சொல்லி முடிக்கும்போது, பக்கத்தில் அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய வாழ்க்கையில் நடந்தது அவருடைய கைவிட்டுப் போய் ஒரு கோப்பாக ஆகிவிட்டது. நம்பும்படி இருக்கிறதா இல்லையா என்று மற்றவர்கள் தீர்மானிக்கும் ஒரு கோப்பு.

எங்கள் குழுவுக்கு முதல் நாள் வந்த ஒருவர் பிளாஸ்டிக் உறையில் எல்லாக் காகிதங்களையும் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒலிப்பதிவு ஓடியது, பயிற்சிகள் நடந்தன, அமர்வு முடிந்தது. எழுந்து போகும்போது என்னிடம் வந்தார்.

“என்னை எப்ப அக்கா கேப்பீங்க?”

“இங்க யாரையும் கேக்க மாட்டோம்மா.”

“அப்புறம் எதுக்கு வரச் சொன்னீங்க?”

சந்தேகத்தோடுதான் போனார். அடுத்த வாரம் தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

பயிற்சியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். ஒரே நேரத்தில் முப்பது பேர் வரை உட்காரலாம். பாடத்தைச் சொல்வது முன்கூட்டியே பதிவு செய்த குரல். நடத்துபவர்கள் நிபுணர்களாக இருக்க வேண்டியதில்லை, குறுகிய பயிற்சி பெற்ற இருவர் போதும். எங்கள் வேலை ஒலியை ஓட விடுவது, இடையில் வரும் பயிற்சிகளைச் செய்து காட்டுவது, எழுதிக் கொடுத்திருக்கும் கேள்விகளைக் கேட்பது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் எனக்கு இது வறண்டதாகப் பட்டது. போகப் போக இதில் இருக்கும் பாதுகாப்பு விளங்கியது. என்னைப் போன்றவர்கள் ஆர்வக்கோளாறில் யாருடைய காயத்தையும் கிளறிவிட முடியாது. ஒலிப்பதிவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பேசுகிறது.

கையேட்டில் உள்ளது ஐந்து திறன்கள். முதலாவது, நிலத்தில் காலூன்றுதல். உணர்ச்சி புயலாக அடிக்கும்போது மூச்சை மெதுவாக்கி, பாதங்களைத் தரையில் அழுத்தி, கைகளை நீட்டி, கண்ணுக்கு என்ன தெரிகிறது, காதில் என்ன விழுகிறது என்று கவனிப்பது. இதனால் புயல் நின்றுவிடும் என்று கையேடு எங்கும் சொல்லவில்லை. அது கடந்து போகும்வரை நம்மைப் பத்திரமாகப் பிடித்து வைக்கும் என்றுதான் சொல்கிறது. இந்த அளவான வாக்குறுதிதான் எனக்குப் பிடித்தது. நகரத்தில் மறைந்து வாழ்கிற மாதிரி வாழும் குடும்பங்களுக்கு மாடிப்படியில் கேட்கும் காலடிச் சத்தமே போதும். வீட்டுக்காரராக இருக்கலாம், போலீஸாக இருக்கலாம், மேல் வீட்டுக்காரராகவும் இருக்கலாம். குழுவில் ஒருவர் சொன்னார்: கதவு தட்டப்பட்டால் முன்பெல்லாம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போவாராம். இப்போது முதலில் இரண்டு காலையும் தரையில் அழுத்துகிறார், சுவரைத் தொடுகிறார், பிறகு “யாரு?” என்கிறார். பயம் போகவில்லை என்றும் சேர்த்தே சொன்னார். பிள்ளைகள் அவருடைய முகத்தைப் பார்க்கிற விதம் மாறியிருக்கிறதாம்.

நடத்தப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூச்சுப் பயிற்சியில் யாரையும் கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அடைபட்டு இருந்தவர்களுக்குக் கண்ணை மூடினால் அந்த அறைதான் வருகிறது. தரையில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். கதவையும் திறந்து வையுங்கள்.

இரண்டாவது, தூண்டிலிலிருந்து விடுபடுதல். கனத்த நினைப்புகள் தூண்டில் முள்ளைப் போல நம்மைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகின்றன என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். சிக்கிக்கொண்டோம் என்று தெரிந்ததும் அதற்குப் பெயர் சொல்ல வேண்டும்: ‘இதோ ஒரு கஷ்டமான நினைப்பு’, ‘இதோ பழசைப் பற்றிய ஒரு நினைப்பு’. பெயர் சொல்லிவிட்டு, கையில் இருக்கும் வேலைக்குக் கவனத்தைத் திருப்ப வேண்டும். இந்தப் பக்கத்தை விரித்தபோது ஒரு அம்மா தன் கைப்பேசியைத் தூக்கிக் காட்டி, “என் தூண்டில் இதுக்குள்ளதான் இருக்கு” என்றார். அறையில் இருந்த எல்லோருக்கும் உடனே புரிந்தது. விட்டு வந்த ஊரிலிருந்து நாள் முழுக்க செய்தி வருகிறது. யார் பிடிபட்டார்கள், எந்தத் தெரு போயிற்று, யாருக்குப் பணம் அனுப்ப வேண்டும். போனை அணைத்தால் குற்ற உணர்ச்சி, அணைக்காவிட்டால் தூக்கமில்லை. அன்றைக்குப் பாதி நேரம் அந்தப் பேச்சிலேயே போனது. அட்டவணைப்படி அது தவறு. ஆனால் அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, நிறுத்தியிருக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது பகுதி, நமக்கு முக்கியமானவற்றின்படி நடப்பது. எனக்கு அதிகக் கேள்விகள் இருப்பது இங்கேதான். நீங்கள் எப்படிப்பட்ட மனிதராக இருக்க விரும்புகிறீர்கள், அதற்காக இந்த வாரம் ஒரு சின்னக் காரியம் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். ஊரில் ஆசிரியராக இருந்து இங்கே வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் இதைக் கேட்பது புண்ணில் கை வைக்கிற மாதிரி. ஆனால் அந்தச் ‘சின்னக் காரியம்’ என்ற பகுதி வேலை செய்கிறது. அப்படி இருந்த ஒருவர், அதே மாடியில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தர ஆரம்பித்ததாக அவர் மனைவி சொன்னார். குழுவுக்கு வந்தது மனைவிதான். வீட்டுக்குப் போய் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

இதே பகுதியில் கஷ்டமான நிலைமையை எதிர்கொள்ளும் வழிகளைச் சொல்கிறார்கள். முதல் வழி, விலகிப் போவது. இரண்டாவது, மாற்ற முடிந்ததை மாற்றி, முடியாததன் வலியை ஏற்று, நமக்கு முக்கியமானவற்றின்படி வாழ்வது. மூன்றாவது, கைவிட்டுவிடுவது. ‘விலகிப் போகலாமா?’ என்ற கேள்வியை வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணும் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதை நடத்துபவர் மறக்கக் கூடாது. போக ஒரு பத்திரமான இடமும், அவருடைய காகிதங்கள் கணவர் பெயரில் தொங்கிக்கொண்டிருந்தால் அதற்குச் சட்ட வழியும் தயாராக இல்லாமல் இந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

நான்காவது, தன்னிடமே பரிவாக இருப்பது. வலிக்கிற இடத்தில் கையை வைத்து, அந்தக் கையில் அன்பு நிறைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எல்லோரும் கூச்சத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பிறகு செய்வார்கள். ஐந்தாவது, கனத்த உணர்ச்சிகளுக்கு மனதில் இடம் விடுவது. நாம் வானம், அவை வந்து போகும் வானிலை என்கிறார்கள். சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்கு ஒட்டுவதில்லை.

இதெல்லாம் ஆராய்ந்து பார்க்கப்பட்டதா என்று கேட்பவர்களுக்கு: ஆம். உகாண்டாவில் ரைனோ கேம்ப் என்ற அகதிக் குடியிருப்பில் தெற்கு சூடானிலிருந்து வந்த 694 பெண்களிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. மூன்று மாதம் கழித்தும் பயிற்சி பெற்றவர்களின் மன வேதனை மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. துருக்கியில் 642 சிரிய அகதிகளிடம் செய்த ஆய்வில், ஆறு மாதம் கழித்து மனநோய் வந்திருந்தவர்கள் பயிற்சி பெற்றவர்களில் ஏறக்குறைய 22 விழுக்காடு, பெறாதவர்களில் ஏறக்குறைய 41 விழுக்காடு. ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 459 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் பயிற்சி முடிந்த உடனே பலன் தெரிந்தது, ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. என் அனுபவம் இந்த மூன்றுக்கும் ஒத்துப்போகிறது. ஐந்து அமர்வு முடிந்ததும் எல்லோரும் கலைந்து, ஒருவரையொருவர் மறுபடி பார்க்காமலே போய்விட்டால் பலன் கரைகிறது. நகரத்தில் கலைந்து போவதுதான் இயல்பு. முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவரை நகரத்தில் பார்க்க இரண்டு பேருந்து மாற வேண்டியிருக்கும். அதனால் ஆறாவது வாரத்துக்கும் அதே அறையை, அதே நேரத்தை இப்போதே பிடித்து வையுங்கள் என்பது என் முதல் யோசனை.

இனி குறைகள். பெரிய குறை, இது ஒரு தனி மனிதரைப் பார்த்துப் பேசுகிறது. நகரத்து அகதியின் துயரம் பெரும்பாலும் குடும்பத்துக்கு நடுவில் கிடக்கிறது. ஒரே அறையில் ஐந்து பேர் படுத்திருக்கும் வீட்டில், தினமும் சில நிமிடம் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழக அமைதியான மூலை எங்கே இருக்கிறது? ஒருவர் கழிப்பறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார், வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அதைவிட ஆழமானது பிள்ளைகள் விஷயம். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ச் சீக்கிரம் மொழி பிடித்துக்கொள்கிறார்கள். அதோடு வீட்டின் எழுத்தர் வேலை அவர்கள் தலையில் வந்து விழுகிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தைப் படிப்பது பன்னிரண்டு வயதுப் பெண், மின்கட்டண அலுவலகத்தில் கெஞ்சுவதும் அவள்தான். ஒரு மருத்துவமனையில், தாயிடம் தூக்கம் வருகிறதா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்க, கூட வந்த மகனையே மொழிபெயர்க்க வைத்திருக்கிறார்கள். பையனுக்குப் பதினோரு வயது. அம்மா “இல்ல” என்றார், பையனும் “இல்லை” என்று சொன்னான். அது உண்மையான பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். தகுதியான மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பிறகு என்னிடம் வந்தபோது அந்தத் தாய் சொன்ன முதல் வாக்கியம், “என் பையன் வெளிய இருக்கட்டும்” என்பதுதான்.

பெற்றோர் பிள்ளைகளைக் காப்பதாக நினைத்து வாய் திறப்பதில்லை, பிள்ளைகளும் பெற்றோரைக் காப்பதாக நினைத்து வாய் திறப்பதில்லை. இதற்குக் கையேட்டில் ஒரு பக்கம்கூட இல்லை. குழுப் பயிற்சியும் பெரியவர்களுக்கானது. பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023இல் வெளியிட்ட ‘ஈஸ்’ என்ற பயிற்சி இருக்கிறது. அதில் பிள்ளைகளுக்கு ஏழு அமர்வும் வளர்ப்பவர்களுக்கு மூன்று அமர்வும் உண்டு. முடிந்தால் பெரியவர்களின் குழுப் பயிற்சியையும் இதையும் அடுத்தடுத்து நடத்துங்கள். தாய் கற்றதைப் பிள்ளையும், பிள்ளை கற்றதைத் தாயும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அடுத்த குறைக்குக் கையேட்டை மட்டும் பொறுப்பாக்க முடியாது. அவசரக் காலங்களில் மனநல உதவி எப்படி இருக்க வேண்டும் என்று பல ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் கொடுத்த வழிகாட்டுதல் ஒரு கூம்பு வரைந்து காட்டியது. அடியில் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும், அதற்கு மேல் குடும்பமும் சமூகமும் தரும் ஆதரவு, அதற்கும் மேல் நிபுணர் அல்லாதவர் தரும் குறிப்பான உதவி, உச்சியில் நிபுணர்கள். முகாமில் அடித்தட்டைக் கவனிக்க யாராவது ஒருவர் பொறுப்பில் இருப்பார். நகரத்தில் அது வீட்டுக்காரர், முதலாளி, பள்ளி, பதிவு அலுவலகம் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. வாடகை பாக்கிக் கடிதம் கைப்பையில் இருக்கும்போது பாதத்தைத் தரையில் அழுத்தச் சொன்னால், ‘இந்தத் தரையே எனக்கு எத்தனை நாளைக்கு?’ என்றுதான் மனம் கேட்கும். அதனால் ஒவ்வொரு அமர்வு நாளிலும் பக்கத்து அறையில் காகித வேலை தெரிந்த ஒருவரை உட்கார வைக்கிறோம். அமர்வுக்குப் பிறகு வேண்டியவர்கள் போய்ப் பேசலாம். இந்த ஒரு ஏற்பாட்டுக்குப் பிறகுதான் பாதியில் நின்றவர்கள் திரும்ப வர ஆரம்பித்தார்கள். மனநலத்துக்கும் வாடகைக் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நிதி கொடுப்பவர்கள் கேட்டால் அந்தக் கூம்பை எடுத்துக் காட்டுங்கள்.

இது யாருக்குப் போதாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாக வேண்டும் என்று திட்டத்தோடு பேசுகிறவர், இல்லாத குரல்கள் கேட்பவர், பல நாளாகச் சாப்பிடாமல் குளிக்காமல் முடங்கிக் கிடப்பவர் ஆகியோரைக் குழுவில் உட்கார வைத்து ஒலிப்பதிவைக் கேட்கச் சொல்வது ஆபத்து. போரும் மோதலும் நடந்த பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநோய் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 மதிப்பீடு. முப்பது பேர் அமர்ந்திருக்கும் அறையில் அது எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் நான் உள்ளே போகிறேன். எங்கே அனுப்புவது, அங்கே மொழிபெயர்ப்பாளர் உண்டா, காகிதம் இல்லாதவரைத் திருப்பி அனுப்புவார்களா என்பதையெல்லாம் முதல் அமர்வுக்கு முன்பே நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழுவில் வாய் திறக்க முடியாத, ஆனால் ஒருவரிடம் தனியாகப் பேச விரும்புகிறவர்களுக்கு அதே நிறுவனத்தின் ‘பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்’ பொருந்தும். அதுவும் ஐந்து அமர்வுதான், ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம், நேருக்கு நேர். அதையும் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் நடத்தலாம், ஆனால் மேலே இருந்து வழிநடத்த ஒருவர் கட்டாயம் வேண்டும்.

ஆண்கள் வருவதில்லை என்பது எல்லாக் குழுக்களின் புலம்பல். ‘மன அழுத்தம்’ என்று போட்டால் வர மாட்டார்கள். வேலை தேடி அலைபவரைப் பகல் நேரத்தில் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். விடுமுறை நாளில், அவர்களில் ஒருவரையே நடத்துபவராக வைத்துக் கூப்பிட்டபோது வந்தார்கள், பெண்களைவிடக் குறைவாகவே பேசினார்கள், தூக்கத்தைப் பற்றி மட்டும் நிறையக் கேட்டார்கள். தூக்கத்திலிருந்தே தொடங்குங்கள். உடம்பில் மன அழுத்தம் எப்படித் தெரியும் என்று கையேட்டின் ஆரம்பத்தில் தலைவலி, கழுத்துவலி, நெஞ்சுபாரம், தூக்கமின்மை எல்லாம் படத்தோடு இருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்து ‘இது என்னோடது’ என்று விரல் வைத்தார்கள்.

தொடங்குகிறவர்களுக்கு வேலைக்கு உதவும் சில விஷயங்கள். கையேட்டையும் ஒலிக்கோப்புகளையும் உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஒலியை மையத்திலேயே அவரவர் கைப்பேசியில் ஏற்றிக் கொடுங்கள், டேட்டாவுக்குப் பணம் இல்லாதவர்கள் வீட்டில் போய் இறக்க மாட்டார்கள். கையேட்டை அச்சடித்தால் படங்கள் பெரிதாக வரும்படி அடியுங்கள், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கும் படிக்கத் தெரியாதவர்களுக்கும் படமே கதை சொல்லிவிடும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் ஒரு மூலையும் இல்லாமல் தாய்மார்கள் குழு நடக்காது. முக்கியமாக, வருகைப் பதிவுத் தாளை நீட்டிப் பெயரும் முகவரியும் கையெழுத்தும் கேட்காதீர்கள். எங்கேயோ போட்ட ஒரு கையெழுத்தால் சிக்கலில் மாட்டியவர்கள் அந்த அறையில் இருப்பார்கள். தலையை எண்ணிக் குறித்துக்கொண்டால் போதும். நிதி கொடுப்பவர் கையெழுத்துத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், குழு தொடங்கும் முன்பே அவரோடு அந்தச் சண்டையைப் போட்டு முடித்துவிடுங்கள்.